எண் போட்ட ஏழு கற்கள்

குழந்தைகளுக்கு மண்ணியல் சொல்லித்தரும் செய்முறைப் புத்தகம் எழுதுகிறவர்கள், எல்லாக் குழந்தைகளின் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு குன்று இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் பதினொரு வயதில் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. எழுபதுகளின் கடைசியில் மதுரை மாமா அனுப்பிய தமிழ்ப் புத்தகம், முழங்கால் ஆழம் தோண்டினால் மூன்று மண் அடுக்குகள் தெரியும் என்றது. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு ஓரமாகத் தோண்டினேன். கறுப்புச் சேறும் சிப்பி ஓடும் வந்தன. ஒரு சாண் தாண்டியதும் குழியில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

அடுத்த பாடம், உங்கள் ஊரில் கிடைக்கும் கற்களைச் சேகரியுங்கள் என்றது. எங்கள் ஊரில் ஏது கல்? கட்டடத்துக்குக் கொட்டும் கருங்கல் ஜல்லிகூட லாரியில் வெளியூரிலிருந்து வருவது. பள்ளிக் கண்காட்சிக்கு என்ன வைப்பது என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது அம்மாதான் வழி சொன்னாள்.

அம்மாவுக்கு மிளகுக் கிடங்கில் வேலை. முறத்தில் மிளகைப் புடைத்துக் கல்லும் காம்பும் பொறுக்கிப்போட வேண்டும். "தெனம் ஒரு சிரட்டை கல்லு தூர எறியறோம். ஒனக்கு அது போதுமா?" என்றாள். சாயங்காலம் வெளியே வரும்போது மிளகு திருடவில்லை என்று காட்டப் பெண்கள் வாசலில் முந்தானையை உதற வேண்டும். அம்மாவின் முடிச்சில் கல்லைப் பார்த்துக் காவலாளி சிரித்துவிட்டு விட்டுவிட்டாராம். வெள்ளைக்கல், செம்மண் கட்டி போல் ஒன்று, காக்காப்பொன் மினுங்கும் ஒன்று என்று ஏழு வகை சேர்ந்தன. புத்தகம் சொன்னபடி ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டால் பொட்டு வைத்து, மேலே மையால் எண் எழுதினேன்.

அதோடு விட்டிருக்கலாம். கல் கிடைத்த இடத்தை எழுதாவிட்டால் அது வெறும் கல்தான் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தார்கள். மிளகு எந்த மலையிலிருந்து வந்ததோ அந்த மலைக் கல்தானே இது? மூட்டை இறக்குகிறவர்களிடம் காட்டிக் கேட்டுவா என்றேன். அம்மா முடியாது என்றாள். நான் ராத்திரி சாப்பிடாமல் அடம்பிடித்தேன். காலையில் ஏழு கற்களையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டாள். மூட்டைகளுக்கு நடுவே நின்று, மூட்டை இறக்கும் சுமட்டுக்காரர் ஒருவரிடம் கற்களைக் காட்டும்போது மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். மிளகை எடுத்துக்கொண்டு எடைக்குக் கல்லைக் கலக்கப் பார்க்கிறாள் என்று சொல்லி, கற்களைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார். மிளகுக் கிடங்குக்குள் கல்லோடு நுழைந்தவள் என்று பெயர் வந்தால் அந்தத் தெருவில் வேறு யாரும் வேலை தர மாட்டார்கள். அம்மா அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினேன். அம்மா பின்னாலேயே வந்தாள். மேற்பார்வையாளர் புரட்டிப் பார்த்து, "இது தமிழல்லே? எனிக்கு வாயிக்கான் அறியில்லா" என்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மலையாளப் பள்ளியில் படித்த எனக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒவ்வொரு வரியாகத் தட்டுத்தடுமாறி வாசித்து மலையாளத்தில் சொன்னேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. அந்தச் சுமட்டுக்காரர்தான் மேசையில் கிடந்த கல்லை எடுத்து அதிலிருந்த எண்ணைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"நம்பரிட்ட கல்லு கொண்டு ஆரெங்கிலும் மாயம் சேர்க்குமோ சேட்டா?"

கலப்படம் செய்கிறவள் கல்லுக்குப் பொட்டு வைத்து எண் போடுவாளா? மேற்பார்வையாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கு வா என்றார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எட்டு வருஷமா இங்க கல்லு பொறுக்கறேன் சேட்டா. எதுக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். அவர் மூட்டைகளைப் பார்க்கப் போய்விட்டார். சுமட்டுக்காரர் ஏழு கல்லுக்கும் ஊர் சொன்னார்: அடிமாலி, கட்டப்பனை, வயநாடு என்று. பாதி ஊகமாகத்தான் இருக்கும். அப்படியே எழுதிக் கண்காட்சியில் வைத்தேன், எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அம்மா வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்தே புது வழக்கம் வந்திருந்தது அங்கேதான் தெரிந்தது: உள்ளே நுழையும்போதும் எல்லாப் பெண்களும் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். அவர்களுக்குக் கோபம் மேற்பார்வையாளர் மேல் இல்லை, அம்மா மேல். வரிசையின் கடைசியில் ஒரு பாய் அளவு இடம் விட்டு, அம்மா தனியாக முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். சோற்றை வாங்கிக்கொண்டு, "அடுத்தது என்ன செய்யச் சொல்லுது ஒன் புக்கு? ஏதாச்சும் வேணுமா?" என்றாள்.

"முடிஞ்சு போச்சும்மா" என்றேன். இன்னும் பதினொரு பாடம் இருந்தது.