மூன்றாவது கிளாஸில் நெபியோலோ

நான் வேலை செய்யும் இத்தாலிய உணவகத்துக்குப் புதிதாக வந்த மனேஜர், மேசைக்குப் பரிமாறுகிற எல்லோரும் ஐந்து சிவப்பு வைன்களைச் சுவைத்தே அவை எந்தத் திராட்சை என்று சொல்லவேண்டும் என்றார். இரண்டு கிழமைத் தவணை. தவறினால், கூடுதல் காசு கிடைக்கும் சனி, ஞாயிறு வேலை இல்லை. நாற்பத்தாறு வயதுவரை நான் வைனை வாயில் வைத்ததேயில்லை.

அன்றிலிருந்து மனம் ஒன்றிலும் தரிக்கவில்லை. பஸ்ஸில் பெயர்களை முணுமுணுத்தேன்: சாஞ்சியோவேசே, பார்பேரா, நெபியோலோ, அலியானிக்கோ, நேரோ தாவோலா. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் குசினியில் ஐந்து கிளாஸ்களை வைத்து, சுவைத்துச் சுவைத்து சிங்கில் துப்புவேன். பிறம்ரன் நகரில் இரவு வேலை முடித்து வந்த கணவர் ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காலமை ஒன்பது மணிக்கு உமக்கென்ன வந்தது?"

"படிக்கிறன்," என்றேன்.

முதலில் எல்லாமே ஒரே புளிப்பு. மனேஜர் தந்த தாளில் இருந்த செர்ரியும் வயலட் பூவும் என் நாக்குக்குப் பிடிபடவில்லை. அந்தத் தாளை மூடிவிட்டு எனக்குத் தெரிந்த சுவைகளைத் தேடினேன். பார்பேரா கறுத்திருக்கும், புளிக்கும், ஆனால் துவர்க்காது. நேரோ தாவோலா கனிந்த நாவல்பழம். நெபியோலோதான் என்னைப் பலமுறை ஏமாற்றியது. பார்க்க வெளிறிய தேத்தண்ணி. வாயில் விட்டால் விளாங்காய் கடித்ததுபோல நாக்கை இழுத்துப் பிடிக்கும்.

சோதனை ஒரு மத்தியானம், கடை திறக்கமுன் நடந்தது. மூன்றாவது கிளாஸை நெபியோலோ என்றேன். மனேஜர் தன் தாளைப் பார்த்து, இல்லை, சாஞ்சியோவேசே என்றார். மற்ற நாளென்றால் சரியென்று விட்டிருப்பேன். இன்னொரு வாய் எடுத்தேன்.

"போத்தலைப் பாருங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

உள்ளே போய் வந்தவரின் முகம் சிவந்திருந்தது. ஊற்றும்போது இரண்டை மாற்றிவிட்டாராம். மன்னிப்புக் கேட்டார். வார இறுதி வேலை எனக்கே இருந்தது.

"அப்ப உந்தப் பிரச்சினை முடிஞ்சுதெல்லே?" என்று வீட்டில் கேட்டார் கணவர்.

"ஓம்."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் மதுக்கடைக்குள் நுழைந்தேன். இத்தாலிய வைன் தட்டில் நான் கேள்விப்படாத பெயர்கள் வரிசை வரிசையாக நின்றன. சக்ரந்தீனோ என்றிருந்த ஒன்றை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அன்று இருபது நிமிடம் பிந்திப் போனேன்.