செவந்தி கேட்ட கூண்டு

கந்தர்வக்கோட்டை செவந்தியைப் போல வளையல் போட்டுவிடத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் யாருமில்லை. எவ்வளவு தடித்த கையானாலும் வலிக்காமல் ஏற்றிவிடுவாள். புருஷன் நாகராசுவோடு ஒற்றை மாட்டு வண்டியில் திருவிழாத் திருவிழாவாக வருவாள். வியாபாரமும் வண்டியில்தான், படுக்கையும் வண்டியில்தான். நான் பக்கத்தில் பொரிகடலைக் கடை போடுகிறவன். எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

வண்டிக்கு மேலே நாலு கழி நட்டு ஒரு படுதா. நாகராசுவுக்கு அது போதும். நொடியில் விரிக்கலாம், நொடியில் சுருட்டலாம், மாட்டுக்கும் பாரமில்லை. ஆனால் காற்றடித்தால் படுதா ஒரு பக்கம், செவந்தியின் மானம் ஒரு பக்கம். ஊர்ச் சனம் நடமாடும் இடத்தில் கால் நீட்டிப் படுக்கக் கூச்சப்பட்டு, திருவிழா முடிகிறவரை சக்கரத்தில் சாய்ந்தே கண்ணயர்வாள். பதினோரு வருஷம் இப்படி! எனக்கே எரிச்சலாக வரும். ஆண்கள் நாங்கள் துண்டை விரித்த இடத்தில் விழுந்துவிடுவோம். அவள் என்ன செய்வாள்?

ஐம்பத்தாறாம் வருஷம், நார்த்தாமலைத் திருவிழாவுக்கு முன்னால் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

“எனக்கு மூங்கில் கூண்டு வேணும். முன்னாடியும் பின்னாடியும் மூடணும்.”

“கூண்டு, சரக்கு, நீ, நானு, அம்புட்டையும் ஒத்தை மாடு இழுக்குமா? கூண்டா நீயான்னு முடிவு பண்ணிக்க.”

“கூண்டு வண்டியில வரட்டும். நான் நடந்து வாரேன்.”

சொன்னபடியே பங்குனி வெயிலில் இருபது மைலுக்கு மேல் நடந்தாள். படுப்பதற்காகக் கூண்டு கட்டி, அந்தக் கூண்டுக்காகக் கால் தேய நடந்த மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நார்த்தாமலை வந்து சேர்ந்ததும் உள்ளே ஏறி, இரண்டு பக்கமும் சாக்குத் திரையை இழுத்துவிட்டாள்.

உச்சி வெயிலுக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நாகராசு கடை விரித்தான். முதல் கையிலேயே மூன்று வளையல் நொறுங்கின. அடுத்து நின்றவள் அரிமளத்து இருளாயி, மகளின் வளைகாப்புக்கு வாங்க வந்தவள். சத்தம் கேட்டதும் பதறிப்போனாள்.

“நல்ல காரியத்துக்குப் போடுற வளையலு. ஒங்க கையே படவேணாம்.”

“இருங்க, அவளை எழுப்புறேன்.”

“எழுப்புனீங்கன்னா ஒண்ணும் வாங்க மாட்டேன். அசந்து தூங்குறா, பாவம். வெயில் தாழட்டும்.”

இருளாயி வண்டி நிழலில் உட்கார்ந்துகொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள். இப்படியே ஒன்பது பெண்கள். வளையல் விற்கவில்லை, என் பொரி நன்றாக விற்றது.

பொழுது சாயும்போது திரையை விலக்கிய செவந்தி திடுக்கிட்டுச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“ஐயோ, இத்தன பேரா! நான் தூங்குறதையா பாத்துக்கிட்டிருந்தீங்க?”

“ஒன்னைய எங்கிட்டு ஆத்தா பாத்தோம்? அதான் மூடிக் கெடந்துச்சே. கொறட்டை மட்டுந்தான் கேட்டுச்சு” என்றாள் இருளாயி.

எல்லோரும் சிரித்தார்கள். செவந்தி வெட்கத்தில் திரும்பவும் உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

“கேட்டாக் கேக்கட்டும்” என்று சிரித்தபடி இறங்கினாள். “கையை நீட்டுங்க.”