மூன்று நாள் நண்டு

பெரியகல்லாற்று நண்டுக் கம்பெனியில் கேதீஸ்வரியின் கைவேகம் வேறு யாருக்கும் வராது. உயிர் நண்டின் இரண்டு கொடுக்கையும் மடக்கி, ஈரக் கயிற்றால் சுற்றி முடிச்சுப் போட அவளுக்கு ஏழெட்டு விநாடி போதும். பதினொரு வருடத்தில் வலது பெருவிரல் நகம் இரண்டு தடவை போய் முளைத்தது. கணவன் இருந்தும் இல்லாத மாதிரி. அந்தக் கையால்தான் இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். அங்கே வேலை செய்த நாற்பத்திரண்டு பெண்களுக்கும் அவள்தான் மேற்பார்வை.

2023 மாசியில் முதலாளி ஜெயரூபன் வந்து, சிங்கப்பூர்க்காரர்கள் கம்பெனியில் பெரும்பங்கு வாங்க வருகிறார்கள் என்றார். மூன்று வங்கிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுத் தொடங்கிய நிறுவனமாம். ஊர் உலகத்துப் பணத்தைத் திரட்டி, வளரும் போலத் தெரிகிற தொழில்களில் போட்டு, ஐந்தாறு வருடத்தில் விலை ஏறியதும் விற்றுவிட்டுக் கிளம்புவார்களாம். வியட்நாமில் இறால், இந்தியாவில் ஆஸ்பத்திரி, பிலிப்பைன்ஸில் சவர்க்காரம். இப்போது நம் நண்டு. நண்டைக் கண்ணால் காணாதவர்களுக்கு நண்டின் மேல் அப்படி ஒரு ஆசை.

கேதீஸ்வரிக்கோ வேறு கவலை. ஊரை ஒட்டிய வாவி நல்ல நாளிலேயே நூற்றைம்பது கிலோ நண்டுதான் தரும்.

"ஆக்கள் வாற நாளையில பெட்டி பாதி வெறுமையா இரிந்தா நமக்குத்தானே வெக்கம்," என்றாள்.

வீட்டுக்கு ஆள் வந்தால் இருப்பதையெல்லாம் எடுத்து வைக்கிற பழக்கம் அவளுடையது. கட்டிய நண்டு ஈரச்சாக்குக்குள் மூன்று நாள் உயிரோடு கிடக்கும். மூன்று நாள் நண்டைக் கொழும்புக்கு அனுப்பாமல் சாக்குக்குள் வைத்தாள். அவர்கள் வந்த காலை, பெட்டிகள் நிரம்பி வழிந்தன.

நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்திலிருந்து கூட வந்தவன் ஷிஹான், ஏறாவூர்ப் பிள்ளை. "இதெல்லாம் ஒரு நாள் நண்டா அக்கா?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி. இன்னும் வரும்."

ஜெயரூபன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கென்று அவரிடம் இருந்ததெல்லாம் துண்டுச் சீட்டுகள். வந்தவர்கள் கண்ணால் கண்டதையே நம்பினார்கள். நண்டுக் குவியலுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் படமும் எடுத்தார்கள்.

கம்பெனி கைமாறியது. பெரிய குளிர் அறை வந்தது, பழுதாகிக் கிடந்த சின்ன மெஷினுக்குப் பதில், நண்டை உறைய வைக்க நாளுக்கு ஐந்நூறு கிலோ விழுங்கும் இயந்திரம் வந்தது. அதற்குத் தீனி போட வேண்டுமே. முன்பு குஞ்சு நண்டையும் சினை நண்டையும் மீனவர்கள் வாவியிலேயே விட்டுவிடுவார்கள். இப்போது அவையும் வந்தன. கேதீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினாள். இரண்டாம் வருடம் வாவி நாளுக்கு அறுபது கிலோ தந்தது. பிறகு முப்பது.

2025 புரட்டாதியில் ஷிஹான் தனியாக வந்தான். கம்பெனியை மூடுகிறார்கள், இயந்திரம் வேறு நாட்டுக்குப் போகிறது என்றான். பிறகு, "அவ்வளவு நண்டும் எங்க அக்கா போன?" என்று கேட்டான்.

இரண்டரை வருடமாக நெஞ்சுக்குள் கிடந்ததை அவள் அன்று சொல்லிவிட்டாள். அவன் கோபப்படவில்லை.

"நூற்றைம்பது கிலோ எண்டு சொல்லியிருந்தாலும் காசு போட்டிருப்பம் அக்கா. அந்தச் சின்ன மெஷினையே திருத்தித் தந்திருப்பம். நான் அறிக்கையை அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தநான். உங்கட குவியலைக் கண்டுதான் மாத்தி எழுதின."

அவள் கவிழ்ந்து கிடந்த பெட்டியொன்றில் உட்கார்ந்துவிட்டாள். சின்னதாக மறுபடி தொடங்குவோம் என்றால் கட்டடமும் அவர்களுடையது, வாவியிலும் நண்டில்லை.

கம்பெனி வாசல் படலையடியில் நாற்பத்திரண்டு பேரும் நின்றார்கள். கேதீஸ்வரி ஒன்றையும் மறைக்கவில்லை. ஷிஹான் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். பிறகு எல்லோரிலும் மூத்த சீதேவிப்பிள்ளை அவள் தோளைத் தொட்டாள்.

"ஆக்கள் வந்தா வெறும் பெட்டியையா காட்டுற? நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன்."

மற்றவர்களும் ஓம் என்று தலையாட்டினார்கள். ஒவ்வொருத்தியாகச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தியாவது திட்டியிருந்தால் கேதீஸ்வரியால் தாங்கியிருக்க முடியும்.