ஐஸ் வைத்துப் பார்த்த வீடு

யோசப்பின் அன்ரி நடந்து வருவதை முதலில் காதுதான் அறியும். இடுப்பில் செருகிய திறப்புக் கோர்வை ஒவ்வோர் அடிக்கும் குலுங்கும். புத்தூரில் எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவில் நிற்கும் மாடிவீட்டின் திறப்புகள் அவை. முன்கதவு, பின்கதவு, மேல்மாடி அறைகள், அலுமாரிகள், கேற், மோட்டர்க் கொட்டில் என்று எல்லாப் பூட்டுக்கும் உரிய திறப்பு அவரிடம் இருந்தது. ஆனாலும் தன் விருப்பத்துக்கு ஒரு யன்னலைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை.

வீடு இராசநாயகம் மாமாவுடையது. அவர் குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறார். யன்னல் திறந்தால் தோட்டத்துச் செம்மண் புழுதி வந்து வெள்ளை மாபிளிலும் தோல் செற்றியிலும் படிந்துவிடும் என்பது அவருடைய கவலை. கள்ளர் பயம் வேறு. வீட்டுக்குள்ளும் வெளியிலும் கமராக்கள் பூட்டி, அங்கிருந்தே போனில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை அன்ரி கருவாடு பொரித்த புகை போகட்டும் என்று குசினி யன்னலைத் திறந்தார். புகை போய் முடியமுதல் போன் அடித்தது.

அந்தக் கமராக்களுக்காக எடுத்த இணைய இணைப்புத்தான் என்னை அங்கே கொண்டுபோனது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். தாவரவியல் படித்தேன். பட்டமளிப்பு விழாவில் எடுத்த படத்தை அம்மா கண்ணாடி போட்டு மாட்டினார். அதன்பிறகு வேலைக்கு விண்ணப்பிப்பதுதான் என் வேலை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அன்ரியின் குசினி மேசைக்குப் போவேன். அன்ரி பிளேன்ரீ வைத்துத் தருவார். நான் அனுப்புகிறவற்றுக்குப் பதில் வந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அன்ரியின் ஊர் மயிலிட்டி. தொண்ணூறில், கல்யாணம் பேசுகிற வயதில், இராணுவம் ஊரைப் பிடிக்க ஊரோடு வெளியேறினார். பிறகு முகாம். முகாமிலேயே கல்யாணம் நடந்தது. கட்டிய மனிதர் மன்னாருக்குத் தொழிலுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். முகாம் கொட்டிலில் தகப்பனையும் தாயையும் பார்த்து, இரண்டு பேரையும் வேறு ஊர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்தார். சண்டை முடிந்து இராசநாயகம் மாமா இந்த வீட்டைக் கட்டியபோது, காவலுக்கு நம்பிக்கையான ஆள் என்று கோயில் சிஸ்ரர் ஒருவர் அன்ரியை அனுப்பினார். "காணி விடுமட்டும் நிக்கிறன்" என்று சொல்லித்தான் அன்ரி வந்தாராம். இராணுவம் காணியை விடுவதற்குள் அன்ரியின் தலை நரைத்துவிட்டது.

காணி விடுபட்டுவிட்டது. தம்பி றொபின் அங்கே தகரக் கொட்டில் போட்டுத் தொழிலுக்குப் போகிறார். அவருடைய காணிக்குப் பக்கத்துத் துண்டு அன்ரியுடையது. அங்கே எல்லைக்கல் ஒன்றும் மிஞ்சவில்லை. பழைய மரங்களும் இல்லை. வந்து இருக்கிறவர்கள் தங்கள் நினைவில் உள்ளபடி வேலி போடுகிறார்கள். "இருக்கிற ஆள்தான் வேலி போடுறது, அக்கா" என்று றொபின் போனில் சொல்வது எனக்கும் கேட்கும். அன்ரி போகாத ஒவ்வொரு மாதமும் அந்தத் துண்டு கொஞ்சம் ஒடுங்கியது. அடுத்த மாரிக்குமுன் அங்கே போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மாமாவும் மறுக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பமாக வருகிறோம், வீட்டைத் துப்புரவாக ஒப்படைத்துவிட்டு நீ போகலாம் என்று சொல்லியிருந்தார். அப்போதுதான் பூஞ்சணம் தன்னைக் காட்டியது.

போன மாரியில் மேல்மாடிச் சுவர் எங்கோ நீர் குடித்திருக்க வேண்டும். காற்றே புகாத அறைகள். பலகைச் சீலிங்கில் கறுப்புப் புள்ளிகள் விழுந்து, புள்ளிகள் ஒன்றுசேர்ந்து, கரித்துணியால் ஒற்றியதுபோல் பரவின. அலுமாரியின் பின்பக்கம் பச்சையும் சாம்பலுமாகப் பஞ்சு முளைத்தது. எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்குப் பங்கசு என்று பெயர். பரீட்சைக்காக நான் படம் கீறிப் பாகம் குறித்த சாமான். அன்ரி வினாகிரி போட்டுத் துடைத்தார். சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்தார். சில நாளில் அதே இடத்தில் அதே உருவில் திரும்பி வந்தது. கூடவே அன்ரிக்கு ஓயாத இருமலும் வந்தது.

மாமாவின் பேரனுக்கு மூச்சு முட்டு வருத்தம். வீடியோவில் சீலிங்கைப் பார்த்த மருமகள், இந்த வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன் என்றுவிட்டாளாம். மாமா இரண்டு வீடியோக்களை அனுப்பினார். அங்கே நிலவறைகளில் பூஞ்சணத்தை இப்படித்தான் எடுக்கிறார்களாம். ஒன்று சோடா பிளாஸ்ரிங், மற்றது ட்றை ஐஸ் பிளாஸ்ரிங். எது நல்லது என்று வித்தியாவைப் பார்த்துச் சொல்லச் சொல், அவள் சயன்ஸ் படித்தவள்தானே என்று அன்ரியிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான் படித்ததை முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். வீட்டில் சொன்னபோது அம்மா, சோடா என்றால் என்ன சோடா என்றார். அப்பச்சோடாதான் என்றேன்.

"வீட்டை அப்பமாச் சுடப்போறாரோ உன்ரை மாமா?"

அடுத்த நாள் மடிக்கணினியோடு போனபோது கேற்றடியில் ஓர் ஓட்டோ நின்றது. மேல்மாடியில் திறப்புச் சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். அன்ரி ஏணியில் நின்றுகொண்டு, சாக்கில் சுற்றிய பெரிய ஐஸ் கட்டி ஒன்றைச் சீலிங் பலகையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கீழே றொபின் ஏணியைப் பிடித்திருந்தார். பக்கத்தில் மீன் ஏற்றும் றெஜிபோம் பெட்டி. இரண்டு பேரும் நனைந்திருந்தார்கள்.

"அன்ரி, உதென்ன செய்யிறியள்?"

"ஐயா சொன்னவரெல்லே. ட்றை ஐஸ் எண்டு. அதுதான் ட்றை பண்ணிப் பாக்கிறன்."

சிரிப்பு வந்துவிட்டது. அது வேறு ஐஸ், காபனீரொட்சைட்டு வாயுவை இறுக்கிச் செய்வது, உருகாது, தண்ணீராகாமல் நேரே ஆவியாகிவிடும் என்று விளக்கினேன். றொபின் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உருகாத ஐஸோ? அப்பிடியொண்டு இருக்கெண்டால் நாங்கள் ஏன் பிள்ளை விடிய விடிய ஐஸ் லொறிக்குப் பின்னாலை ஓடுறம்? மீன் பழுதாகாமல் வைக்கிற சாமான் பலகையையும் காப்பாத்தும் எண்டு நானும் நம்பி வந்தன்."

அன்ரியும் சிரித்தார், இருமலோடு. அப்போது போன் அடித்தது. அன்ரி ஏணியில் நின்றபடியே ஒலிபெருக்கியில் போட்டார். சீலிங்கைப் பற்றி மாமா ஒன்றும் கேட்கவில்லை.

"ஆர் அது பெட்டியோடை உள்ளுக்கை வந்தது?"

"என்ரை தம்பி, ஐயா."

"தம்பியெண்டால் கேற்றோடை நிக்கச் சொல்லு. வீடு முழுக்க மீன் மணக்கப் போகுது."

றொபின் ஏணியை விட்டார். அன்ரி இறங்குமட்டும் நின்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கினார். அது சொட்டிய தண்ணீரை அன்ரி பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனார். நான் ஏணியை மடித்துச் சுவரில் சாய்த்தேன். என் அப்பா வெங்காயம் செய்கிற தோட்டக்காணி மாமாவுடையது. மாமாவிடம் நான் வாய் திறக்காததற்கு அது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணமா என்று இப்போதும் தெரியவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து மாமாவுக்கு எழுதினேன். ஒரு பரீட்சைக்கும் நான் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

சோடா முறையில் அப்பச்சோடாவின் மணிகளைக் கொம்பிறசர் காற்றோடு பலகையில் வீசி அடிக்கிறார்கள். மணலைப்போல அது மரத்தைக் கொத்தாது. பட்டதும் தானே நொறுங்கி, பூஞ்சணத்தின் தோலை உரித்துக்கொண்டு விழும். ஆனால் வீடு முழுவதும் வெள்ளைத் தூள் படியும். அதை உறிஞ்சி, துடைத்து, மறுபடி துடைக்க வேண்டும். தூளைக் குவித்துக் கொட்டிய இடத்தில் பயிர் கருகும். உலர் பனிக்கட்டி அப்படித் தூள் வைக்காது. கடுங்குளிரில் பூஞ்சணம் பிடி விட்டு உதிரும். அடித்த கட்டி ஆவியாகிப் போய்விடும். உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினால் சரி. ஆனால் செலவு பல மடங்கு. கொழும்பிலிருந்து கொண்டுவரும் வழியிலேயே ஒரு பங்கு ஆவியாகும். அந்த வாயு மூடிய அறையில் நிறைந்தால் வேலை செய்கிறவர் மூச்சுக்குக் காற்றில்லாமல் விழுந்துவிடுவார். எங்கள் வீட்டுப் பலகைச் சீலிங்குக்குச் சோடாவே போதும் என்று எழுதினேன். எங்கள் வீடு என்று எழுதியதை அனுப்பிய பிறகுதான் கண்டேன்.

கடைசியில் ஒரு வசனம் சேர்த்தேன். இரண்டில் எதைச் செய்தாலும் இருக்கிற பூஞ்சணம்தான் போகும். சுவரின் ஈரம் அப்படியே இருக்கும். ஆகவே ஈரம் ஊறுகிற இடத்தை அடைத்து, நாள்தோறும் யன்னல்களைத் திறந்து காற்று விட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாரியில் திரும்ப வரும். அந்த வசனத்தில் எனக்குப் பெருமை. அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். யன்னல் திறக்கச் சொல்லி எழுதியிருக்கிறாய் என்ன, என்று கேட்டு, இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

கொழும்பிலிருந்து லொறியில் கொம்பிறசரோடு ஆட்கள் வந்தார்கள். எல்லா யன்னல்களையும் திறந்துவைத்து முகமூடியோடு அடித்தார்கள். வெளியே நின்று பார்த்தால் மேல்மாடி புகைந்தது. அவர்கள் போனபிறகு அன்ரியும் நானும் தூளோடு கிடந்தோம். செற்றியின் தையலுக்குள், விசிறியின் செட்டையில், சாமி அறைப் படங்களின் விளிம்பில் எல்லாம் வெள்ளை. சீலிங் புதுப்பலகைபோல வெளிறித் தெரிந்தது. சுவரில் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து மேசன் அடைத்தார். அன்ரியின் இருமலும் குறைந்தது. தன் அறையிலிருந்த மாதா சொரூபத்தைப் பழைய சீலையில் சுற்றிப் பையில் வைத்தார்.

மாமா குடும்பம் வந்தது. பேரன் ஒரு நாளும் முட்டுப்படவில்லை. தேரும் தீர்த்தமும் முடிந்து, அவர்கள் திரும்பப் போவதற்கு முதல் நாள், மாமா செற்றியில் இருந்தபடி அன்ரியையும் என்னையும் கூப்பிட்டார். நல்ல மனநிலையில் இருந்தார். என்னைத்தான் முதலில் புகழ்ந்தார்.

"பிள்ளை எழுதினது நூற்றுக்கு நூறு சரி. நான்தான் பிழை விட்டது, யன்னலைப் பூட்டி வைச்சு. இனி ஒவ்வொரு நாளும் திறக்க வேணும். மழை இருட்டினால் ஓடிப்போய்ச் சாத்த வேணும். யோசப்பின், உன்னை விட்டால் ஆர் செய்யிறது? இந்த மாரி முடியுமட்டும் நில்லு."

அன்ரி என்னைப் பார்க்கவில்லை. கோர்வையில் ஒரு திறப்பை விரலால் நிமிர்த்திவிட்டார்.

"ஓம் ஐயா."

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருக்க முடியவில்லை. யன்னல் பூட்டியிருந்தவரை வீட்டுக்குக் காவல் மட்டும் போதும். அன்ரி போனாலும் கமரா பார்த்துக்கொள்ளும். இப்போது காலையும் மாலையும் ஒரு கை வேண்டும். அந்தக் கையை மாமாவுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது என்னுடைய கடைசி வசனம். அது பொய்யும் இல்லை. எழுதாமல் விட்டிருந்தால் பூஞ்சணம் திரும்பி வந்திருக்கும். அப்போதும் அன்ரியைத்தான் பிடித்து வைத்திருப்பார்கள். எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் அதே வாசலில் வந்து நின்றேன்.

விடியப் போய் மாமாவிடம் நான் திறந்து பூட்டுகிறேன் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. எங்கடை பிள்ளை நிற்கிறதென்றால் இன்னும் நல்லது என்றார். அந்த "எங்கடை" அன்ரிக்கும் கேட்டது. அம்மா எங்கள் வீட்டுக் குசினியில் நின்று, கண்ணாடி போட்டு மாட்டின படத்தைக் கழட்டட்டோ என்று கேட்டார். அன்ரிக்காகத்தான் மாமாவிடம் கேட்டேனா, வெறுங்கையோடு இருக்கப் பயந்து கேட்டேனா? இரண்டும் இருக்கும்.

மாமா குடும்பம் விமானம் ஏறிய மறுநாள் றொபின் ஓட்டோவோடு வந்தார். கேற்றுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அன்ரி கோர்வையை இடுப்பிலிருந்து எடுத்து, எது எதன் திறப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டி, என் கையில் வைத்தார். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது.

"கொஞ்ச நாளைக்குத்தானே, பிள்ளை?"

"ஓம் அன்ரி. வேலை கிடைக்குமட்டும்."

அன்ரி என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தார். திறப்புச் சத்தம் இல்லாமல் அவர் நடந்து போவதை அன்றுதான் பார்த்தேன். ஓட்டோ ஒழுங்கையால் திரும்புமட்டும் நின்று, கேற்றைப் பூட்டினேன்.

மேல்மாடிக்கு ஏறி முதல் யன்னலைத் தள்ளினேன். காற்று உள்ளே வந்தது. இரண்டாவது யன்னலின் கொளுக்கியில் கை வைக்கும்போது போன் அடித்தது.

"வித்தியா, மூலை யன்னலை முழுக்கத் திறக்காதை. அந்தப் பக்கத்தாலைதான் புழுதி வாறது."

மேலே பார்த்தேன். சுவரின் மூலையில் கமராவின் சின்னச் சிவப்பு வெளிச்சம்.

"ஓம் மாமா" என்றேன்.