வரைபடத்தில் சிவந்த நாடு

குழந்தைகளே, எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அன்னூர்ப் பக்கம் வீட்டோடு சேர்ந்தாற்போல் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார் புகைந்துபோனால் பிரித்து, கருகின செம்புக் கம்பியை எடுத்துப்போட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் வேலை. உலகப் படத்தில் இலங்கையைத் தவிர வேறு நாட்டைச் சட்டென்று தொட்டுக் காட்ட எனக்கு வராது. ஆனாலும் கொஞ்ச காலம் தினமும் எழுந்ததும் ஓர் உலகப் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். பயந்துகொண்டே பார்த்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது மோட்டார் போட யாரும் கிணற்றடிக்கு நடப்பதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். எங்கிருந்தாவது போனில் தட்டினால் மோட்டார் ஓடும். ஒரே மோட்டாரை அப்பாவும் போடலாம், அம்மாவும் போடலாம். வசதிதான். ஆனால் ஒருவர் கிணற்றுத் தண்ணீரில் நின்று குழாயின் அடிவாயில் இருக்கும் புட்வால்வில் அடைத்த பாசியை வழித்துக்கொண்டிருக்கும்போது, அது தெரியாமல் வீட்டில் இன்னொருவர் மோட்டாரைப் போட்டால்? வயர் எங்காவது கசிந்திருந்தால் தண்ணீர் முழுக்க மின்சாரம். மேலே ஏறி வர நேரமிருக்காது.

ஒரு நாள் எங்கள் பட்டறைக்கு வழக்கமாக வரும் விவசாயி ஒருவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கொடுத்த டீயைத் தொடாமல் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"எம்பட ஊட்டுக்காரி இன்னைக்கு என்னைய முடிச்சுப்போடப் பாத்தாளுங்க."

"ஏனுங்க, சண்டைங்களா?"

"சண்டைன்னா தப்பிச்சிருப்பனுங்களே! பாசத்துலதான். 'மனுசன் மோட்டார் போட மறந்துட்டாராட்ட இருக்குது'ன்னு போன்ல தட்டிப்போட்டா. நான் கெணத்துக்குள்ள இடுப்பளவு தண்ணில நிக்கறேன். நல்ல நேரம், கரண்டு போயிருந்துச்சு. என்ற ஆயுசுல மொத மொறையா கரண்டு போனதுக்குக் கும்புடு போட்டனுங்க."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். டீ மட்டும் ஆறிப்போய்க் கிடந்தது.

இதை என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்க்கிறாள். லீவு நாட்களில் உட்கார்ந்து, போனில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மென்பொருள் எழுதினாள். அதில் ஒரே ஒரு பொத்தான். கிணற்றில் இறங்குமுன் அதை அழுத்தினால் அந்த மோட்டாரைப் போடுகிற எல்லாப் போன்களும் பூட்டிக்கொள்ளும்; யார் தட்டினாலும் மோட்டார் ஓடாது. மேலே வந்து மறுபடி அழுத்தினால் பூட்டு திறக்கும். பொத்தானில் படியில் நிற்கும் ஓர் ஆள் படம். அதற்குக் கீழே "போறேன்" என்று எழுதியிருந்தாள்.

என் வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு வந்துவிட்டாள்.

"கெணத்துல எறங்கறவன் 'போறேன்'னு சொல்லிட்டா எறங்குவான்? உனக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா, அம்மணி?"

எங்கள் ஊரில் கிளம்புகிறவர் யாரும் "போறேன்" என்று சொல்லமாட்டார். போகிறேன் என்றால் திரும்பாமல் போவது போல ஆகிவிடும். அதனால் வாசலைத் தாண்டும்போதும் "வாரேன்" என்போம். போவதற்குத்தான் அந்த வார்த்தை. மகள் மறுபேச்சில்லாமல் மாற்றினாள். பொத்தானில் "வாரேன்" என்று வந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் குழப்பமில்லை. "வாரேன்" என்று அழுத்திவிட்டு இறங்கினார்கள்.

மகள் அந்த மென்பொருளை இணையத்தில் இலவசமாக வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்து, தங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதி வைத்தாள். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு பேர் பதிவிறக்கினார்கள் என்று காட்ட ஓர் உலகப் படமும் செய்தாள். ஒருவரும் எடுக்காத நாடு வெள்ளை. சிலர் எடுத்தால் இளமஞ்சள். கூடக் கூட ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் காய்ந்த மிளகாய் நிறம்.

"ஒருத்தன் எடுத்தாலும் நாடு பூரா மஞ்சளாயிருமா கண்ணு?" என்று கேட்டேன்.

"ஆமாங்ப்பா. நாடு மட்டுந்தான் தெரியும். ஊரு, ஆளு எதுவும் தெரியாது."

வளைகுடா நாடுகள் மஞ்சளாக இருந்தன. அந்தப் பாலைவனத்தில் ஏது கிணறு என்று யோசித்தேன். வேலைக்குப் போன நம்மூர்க்காரர்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே தோட்டத்து மோட்டாரைப் போடுகிறார்கள் என்று மகள் சொன்னாள்.

"அங்கிருந்து தண்ணி பாய்ச்சறானா! இங்க இருக்கறப்ப ஒரு வாளி தண்ணி எடுத்திருப்பானா?" என்றாள் வீட்டம்மா.

அதற்குப் பின் ஆப்பிரிக்காவின் கிழக்கோரத்தில் ஒரு நாடு நிறம் மாறத் தொடங்கியது. பெயர் வேண்டாம். அங்கும் கிணறு, அங்கும் மோட்டார், அங்கும் போனில் தட்டி ஓட்டுகிறார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் மென்பொருளைத் தங்கள் மொழிக்கு மாற்றியிருந்தார். மஞ்சளாக இருந்தது ஆரஞ்சாகி, பிறகு சிவந்தது. மகளுக்குப் பெருமை. எனக்கும்தான். பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போனை நீட்டிக் காட்டினேன்.

ஒரு காலையில் அந்த நாட்டு மொழியில் மென்பொருள் எப்படி இருக்கிறது என்று மகள் எங்களுக்குக் காட்டினாள். எழுத்து ஒன்றும் புரியவில்லை. பொத்தானும், படியில் நிற்கும் ஆளும் அப்படியே இருந்தன. வீட்டம்மா விளையாட்டாகக் கேட்டாள்:

"ஏன் அம்மணி, அந்த ஊர்ல போறப்ப என்னன்னு சொல்லுவாங்க? அவங்களும் 'வாரேன்'னுதான் சொல்லுவாங்களா?"

மகள் சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையைப் போனில் போட்டுத் தமிழில் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"என்ன கண்ணு?"

"'மேலே வருகிறேன்'னு போட்டிருக்குதுங்ப்பா."

அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. "வாரேன்" என்பதற்கு, தமிழ் தெரியாத அவர், அகராதியில் கிடைத்த பொருளைப் படியில் நிற்கும் ஆளோடு சேர்த்து எழுதியிருந்தார். படத்திலிருக்கும் ஆள் ஏறுகிறானா இறங்குகிறானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக, அந்த நாட்டில் கிணற்றில் இறங்குகிறவர் பொத்தானைத் தொடமாட்டார். "மேலே வருகிறேன் என்று நான் சொல்லும்வரை மோட்டார் ஓடாது" என்று நம்பி இறங்குவார். பூட்டு திறந்தே கிடக்கும். மேலே வந்து அழுத்தும்போதுதான் பூட்டும்; மோட்டார் ஓடவில்லையே என்று இன்னொரு முறை அழுத்தினால் திறந்துகொள்ளும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. வீட்டில் யாரோ பாசத்தோடு போனை எடுப்பார்கள்.

நான் படத்தைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. நேற்றுவரை பெருமையாகக் காட்டிய அதே சிவப்பு. அதில் ஒவ்வொரு புள்ளியும் கிணற்றுத் தண்ணீரில் நிற்கும் ஓர் ஆளாகத் தோன்றியது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் யாரைக் கூப்பிடுவது? கோயமுத்தூராக இருந்தால் பஸ் ஏறிப் போயாவது சொல்லிவிட்டு வருவேன்.

மகள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அன்றே பொத்தானின் வார்த்தையை எல்லா மொழியிலும் மாற்றினாள்: "மோட்டாரைப் பூட்டு". ஆளின் படத்தை எடுத்துவிட்டுப் பூட்டுப் படம் வைத்தாள். நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கவும். நீங்களும் இதை நினைவில் வையுங்கள், கண்ணுகளா. போனை நம்பி இறங்காதீர்கள்.

புதியதை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று காட்ட மகள் இரண்டாவது படம் செய்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பழைய படத்தில் அந்த நாடு சிவப்பு. புதிய படத்தில் வெகுநாள் வெள்ளை. பிறகு வெளிறிய மஞ்சள். அதற்கு மேல் ஏறவே இல்லை.

மொழி மாற்றிய அந்த மனிதரை மகள் எப்படியோ கண்டுபிடித்துப் பேசினாள். நல்ல மனிதர். விஷயத்தை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். அவர்கள் ஊரில் இணையத்துக்குக் காசு அதிகம். சந்தையில் ஒருவர் பதிவிறக்கினால், அங்கேயே போனிலிருந்து போனுக்கு மற்றவர்கள் மாற்றிக்கொள்வார்கள். பக்கத்து நாட்டிலிருந்து வருகிற வியாபாரிகளும் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

மகள் போனை வைத்துவிட்டு, சிவந்த நாட்டைச் சுற்றியிருந்த வெள்ளை நாடுகளை விரலால் தொட்டாள்.

"இந்த வெள்ளையையும் நம்ப முடியாதுங்ப்பா."

இறங்குமுன் பூட்டுங்கள், பியூஸைப் பிடுங்குங்கள் என்று அந்த மனிதர் தன் குரலில் பேசிப் பதிந்து அனுப்பினார். அதையும் சந்தையில் கொடுத்து, போனிலிருந்து போனுக்குப் போகச் செய்வதாகச் சொன்னார். மகள் அதை எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அவர் அவசரமாகப் பேசுகிறார் என்பது விளங்கியது. அது எத்தனை பேர் காதுக்குப் போகும் என்று காட்ட மகளால் ஒரு படமும் செய்ய முடியவில்லை.

வீட்டம்மா கேட்டாள்: "அங்க இப்ப என்ன நேரம் இருக்கும்?"

"இப்பத்தாம்மா விடியுது."

"அப்ப தோட்டத்துக்குக் கெளம்பற நேரம்," என்றாள். மகள் குரலை நிறுத்திவிட்டு, படத்தை மறுபடி திறந்தாள்.