கை நீட்டிக் காட்டச் சொன்ன பாட்டு

மூன்றாம் வகுப்போடு நின்றது என் படிப்பு. ஆரணியில், நெசவாளர் தெருவில் மிஷன் நடத்திய பால்வாடிக்கு நான் போனது பாத்திரம் கழுவ. எழுபத்தேழோ எழுபத்தெட்டோ இருக்கும். டீச்சர் பெண் கல்யாணமாகிக் கண்ணமங்கலம் போய்விட்டாள். முப்பது பிள்ளைகள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமே கேட்கவில்லை. நான் கையைத் தட்டி ஒரு பாட்டு எடுத்துவிட்டேன். அழுகை நின்றது. வாசலில் நின்று பார்த்த சிஸ்டர், "நாளையிலேர்ந்து நீயே பாத்துக்கம்மா" என்றார்.

பாட்டிலேயே நல்லொழுக்கம் வர வேண்டும் என்பது சிஸ்டரின் ஆசை. புத்தகத்துப் பாட்டு பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. நானே கட்டினேன்:

கை கை என்ன கை?
கழுவித் துடைச்ச சுத்தக் கை
அடுத்தவன் பொருளை எடுக்காத கை
ஒளிச்சு வெச்சா காட்டுற கை!

கடைசி வரிக்கு ஆக்‌ஷன் உண்டு. ஒரு பிள்ளை பொம்மையை ஒளிக்கும்; மற்றவை விரலை நீட்டி இடத்தைக் காட்டும். பார்க்க வந்த சூப்பர்வைசரம்மா, "டிரெயினிங் எடுத்தவங்களுக்கே இது வராது" என்றார். வராதுதான்.

எங்கள் ஊரில் பட்டு நூல் முதலாளியுடையது. பல வீடுகளில் தறியும் அவருடையதே. நூலை நிறுத்துக் கொடுப்பார், சேலையை நிறுத்து வாங்குவார். சேதாரத்துக்கென்று கொஞ்சம் விட்டுவிடுவார். பதனமாக நெய்தால் அதில் ஒரு பிடி நூல் மிஞ்சும். அதை வைத்துக்கொள்வது திருட்டு என்று எந்த நெசவாளியும் நினைத்ததில்லை. மிச்சமே இல்லை என்று சொன்னால் எந்த முதலாளியும் நம்பியதில்லை. கேட்பார்கள், இல்லை என்பார்கள், முடிந்தது.

ஒரு நாள், அவர் தறியில் நெய்யும் ஏழுமலை வீட்டுக்கு முதலாளி சேலை வாங்க வந்தார்.

"ஏம்ப்பா, மிச்சம் ஏதாச்சும் கீதா?"

"ஏதுங்க முதலாளி, அல்லாம் சேதாரத்துல பூட்ச்சு."

அவன் மகள் செல்விக்கு நாலு வயது, என் பால்வாடிப் பிள்ளை. எழுந்து நின்று முழுப் பாட்டையும் பாடி, கடைசி வரியில் அரிசிப் பானையைக் காட்டினாள். ஒரு சொல் தப்பவில்லை.

பானைக்குள் நூலைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா போனால் முதலாளியின் மரியாதை என்னாவது? வெள்ளிக்கிழமை தறியைக் கழற்றிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார்.

செல்வியின் அம்மா கமலா பால்வாடிக்கு ஓடி வந்தாள். "இன்னா பாட்டு சொல்லிக் குடுத்துகினு கீறீங்க டீச்சரம்மா? எங்க சோத்துல மண்ணு வுழுந்துட்ச்சே!"

"பொய் சொல்லக் கூடாதுன்னுதானே, கமலா..."

"நீ உண்மையே பேசிகினு இரு. தறி பூட்டா நாங்க இன்னாத்தத் துன்றது?"

அன்றைக்கே முதலாளி வீட்டுக்குப் போனேன். அவருக்கு என் மேல் கோபமே இல்லை. சிரித்தார்.

"நல்ல பாட்டும்மா. உனுக்காவ தறிய வுட்டுடறேன். ஆனா என் தறி ஓடற அத்தினி வூட்டுப் புள்ளைங்களுக்கும் அதச் சொல்லிக் குடுத்துடு. ஆள் அனுப்பி சோதனை போடற பேஜாரு எனுக்கு இல்ல பாரு."

"ஆவட்டும்ங்க" என்றேன். தறி தப்பியது.

மறுநாளே கடைசி வரியை மாற்றினேன்: 'அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணுற கை.' ஆக்‌ஷன், வீடு பெருக்குவது. பழைய வரியைப் பாடிய பிள்ளைகளிடம், அப்படி ஒரு வரி கிடையவே கிடையாது என்று சாதித்தேன். மறக்கடிக்கப் பத்து நாள் ஆயிற்று. கற்றுக்கொடுக்க ஒரே நாள்தான் ஆகியிருந்தது. தெருவில் பார்த்து முதலாளி கேட்டபோது, "ஒரு வரி மட்டும் வாயில நொழைய மாட்டேங்குதுங்க. சின்னப் புள்ளைங்கதானே" என்றேன். கண்கூடச் சிமிட்டவில்லை.

அடுத்த சேலைக்கு முதலாளி வந்தார். மிச்சம் கேட்டார். ஏழுமலை இல்லை என்றான். செல்வி பாடிக்கொண்டே வீட்டைப் பெருக்கினாளாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். என் பாட்டில் குற்றம் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். பிள்ளைக்கு உண்மையைக் கற்றுக்கொடுப்பது சுலபம். அந்த உண்மையைத் தாங்க வீட்டுக்குத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்புக்குக் கூலி வேண்டும். அதற்குப் பாட்டுக் கட்ட எனக்குத் தெரியவில்லை.