அன்பளிப்புப் பெட்டியில் ஒரு டார்ச்

என் வகுப்பறை அலமாரியின் மேல்தட்டில், பழைய வருகைப் பதிவேடுகளுக்குப் பின்னால், ஒரு மஞ்சள் டார்ச் லைட் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது. டிசம்பர் வந்து பிள்ளைகள் வராந்தாவில் காகித நட்சத்திரம் கட்டத் தொடங்கினால், அந்தத் தட்டின் பக்கம் எனக்குக் கை போகாது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் மூன்றாம் வகுப்பில் அன்பளிப்புப் பெட்டி வைக்கும் வழக்கத்தை நான்தான் ஆரம்பித்தேன். பெட்டி மூலக்குளத்தில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போகும். முதல் இரண்டு ஆண்டுகள் கை உடைந்த பொம்மையும் மூடியில்லாத பேனாவும்தான் வந்தன. எனக்குக் கோபம். "வேணாம்னு தூக்கிப் போடறத குடுக்கறது தர்மம் இல்ல. எது இல்லாட்டி வீட்ல கஷ்டமோ, அதைக் கொண்டாங்க" என்றேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் அப்போது எனக்கு ஒரு பெருமை.

மறுநாள் வைத்திக்குப்பத்திலிருந்து வரும் எட்டு வயதுப் பெண் ஒருத்தி இந்த டார்ச்சைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். அவள் அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். யாரைக் கேட்டு எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளை முன்னால் நிறுத்தி வகுப்பையே கைதட்ட வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளி விட்ட பிறகு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், பெட்டிய எப்ப எடுத்துனு போவாங்க?"

"நாளைக்கு."

"காலையிலயா, சாயங்காலமா?"

"குடுத்ததத் திரும்பக் கேக்கக் கூடாதும்மா" என்று சிரித்தேன். தலையாட்டிவிட்டுப் போனாள். பெட்டி என் மேசைக்கு அடியில்தான் இருந்தது.

மறுநாள் விடிந்தும் மார்கழிப் பனி விலகவில்லை. எதிரே வருகிற வண்டிகூடத் தெரியவில்லை. அவள் பள்ளிக்கு வரவில்லை. பத்து மணிக்குள் செய்தி வந்துவிட்டது. பனிமூட்டத்தில் ஒரு விசைப்படகு அவர்கள் படகின் மேல் ஏறிவிட்டது. கூடப் போன இருவர் நீந்திப் பிழைத்தார்கள். அவள் அப்பா பிழைக்கவில்லை.

மதியம் துக்கம் கேட்கப் போனேன். "பனியில எதுக்க வர்ற போட்டுக்கு அந்த லைட்டத்தான் ஆட்டிக் காட்டுவாரு டீச்சர்" என்றார் அவள் அம்மா. "இன்னிக்குன்னு பாத்து அதக் காணோம். தேடிப் பாத்துட்டு, செல்லு லைட்டு போதும்னு பூட்டாரு." மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் பழி பிள்ளைமேல் விழும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை. பள்ளிக்குத் திரும்பி, பெட்டி போவதற்கு முன் டார்ச்சை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன வாரம் அவள் வந்தாள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். முதல் சம்பளத்தில் வாங்கிய கலர் பென்சில்களைப் பெட்டியில் வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த லைட்டு யாருக்கு டீச்சர் போச்சு?"

அலமாரி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "அந்த இல்லத்துல ஒரு பையனுக்கு" என்றேன்.

"அவனுக்காச்சும் உதவிச்சில்ல. அத நெனச்சுத்தான் டீச்சர் இத்தினி வருசமா தூங்கினு இருக்கேன்."

அவள் போனதும் அலமாரியைப் பூட்டினேன். மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். அதன் பிறகு இதை வேறொருவர் திறப்பார்.